புதுப்பிப்பு: நட்சத்திர விளக்கு வெட்டும்போது அட்டை கிழிவது நின்றது

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கட்டிங் மெஷினில் (வடிவத்தைப் பிளேடால் தானாக வெட்டித் தரும் கருவி) பூ வேலைப்பாடு வெட்டினால் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) அட்டை மூலைகளில் கிழிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிளேடின் அழுத்தத்தைக் கூட்டியதில், அட்டையை ஒட்டி வைக்கும் பசை விரிப்பான மேட்டில் (mat) கீறல் விழுந்ததுதான் மிச்சம். பிளேடு முனையை அலுமினிய ஃபாயில் உருண்டையில் பலமுறை குத்தி எடுக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. முனையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கு வந்துவிட்டது. அப்புறம் வேகத்தைக் குறைத்து, ஒரே கோட்டில் இரண்டு முறை வெட்டவிட்டேன். மூலைகள் சுத்தம்.

எதிர்பாராதது ஒன்று: வெட்டு சரியான பிறகும், உரிக்கும்போது மெல்லிய இதழ்கள் சுருண்டன. மேட்டைக் கவிழ்த்து, அட்டையை மேசையோடு அழுத்திப் பிடித்து, மேட்டை மட்டும் வளைத்து உரித்தால் சுருளவில்லை. துளைகளுக்குப் பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். உள்ளே எல்இடிதான், குண்டு பல்பு சூட்டுக்குக் காகிதம் தாங்காது.