புதுசா கேம் ஆரம்பிக்கிறோம்: கிளெரிக்கா, விசர்ட்டா?

கொழுந்துக்கூடை (கொட்டகலை):
வணக்கம். வர்ற போயா லீவுக்கு எங்க வீட்டுல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆரம்பிக்கிறோம், ஆளுக்கொரு வேஷம் எடுத்து தாயம் உருட்டி ஆடுற கதை விளையாட்டு. ஐந்தாம் பதிப்பு, 2014 விதி. மாமா மகன் தான் டி.எம்., கதைய நடத்துறவன். பனி மூடுன மலை, ஆளில்லாத தொரை பங்களா, அதுக்குக் கீழ ஒரு குகைன்னு கதை ரெடி பண்ணி வச்சிருக்கான். ஃபைட்டர் (சண்டைக்காரன்), ரோக் (திருடன்), ரேஞ்சர் (காட்டு வில்லாளி)னு பசங்க மூனு பேரும் பிடிச்சத எடுத்துக்கிட்டாங்க. "காயத்துக்கு மருந்து போட ஆள் வேணும், நீ கிளெரிக் (பூசாரி) எடு"ன்னு மிச்சத்த எனக்குத் தள்ளி விட்டுட்டாங்க. எனக்கு ஆச விசர்ட் (மந்திரவாதி) மேல. மந்திரத்த தேடித் தேடி நானே புத்தகத்துல எழுதிச் சேக்கணும், அது தான் வேணும். ஆனா முதல் தடவ விளையாடுறவங்களுக்கு விசர்ட் கஷ்டம்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன செய்ய?

இருபதுமுகம் (பதுளை):
தங்கச்சி, பசங்க சொன்ன விதம் பிழை, சொன்ன விஷயம் சரி. கணக்க மட்டும் பாருங்க. முதல் லெவல் விசர்ட்டுக்கு உயிர்ப் புள்ளி 6, அதோட உடம்புத் தெம்புக்கு ஒன்னோ ரெண்டோ. 7னு வைங்க. கொப்ளின்னு ஒரு குட்டி அரக்கன் வாளால ஒரு வெட்டு போட்டா 3ல இருந்து 8 வரைக்கும் போகும். ஒரே வெட்டுலயே விழுந்து கெடக்கலாம். ஃபைட்டருக்கு 12, சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்ந்தா 18ஓ அதுக்கு மேலயோ வந்தா தான் அடியே படும்.

நான் நடத்துன முதல் கேம்ல ரெண்டு விசர்ட், ஒரு வார்லாக் (அவனும் மந்திரக்காரன் தான்), ஒரு ரோக். முன்னுக்கு நிக்க ஆளில்ல, தூக்கி விட ஆளில்ல. நாலு கொப்ளின். ஊத்தி வச்ச பிளேன்டி ஆறல, கதை முடிஞ்சிருச்சு. புதுசுன்னா ஃபைட்டர் எடுங்க. அத எடுத்துட்டாங்கன்னா கிளெரிக்.

சும்மாபாக்குறவன் (ஹட்டன்):
விசர்ட் எடுத்தா விசர் தான் புடிக்கும்.

பெரட்டுத்தப்பு (நோர்வூட்):
அண்ணே, நீங்க சொல்றது முதல் ராத்திரி கணக்கு. கேம் ஆறு மாசம் போகும். ஆறு மாசமும் பிடிக்காத வேஷத்த கட்டிக்கிட்டு ஒரு புள்ள ஒக்காந்திருக்கணுமா?

மாசியில எங்க தோட்டத்துல காமன் கூத்து நடக்கும். ரதி வேஷம் கட்டுறவன் நேர்ந்துக்கிட்டு கட்டுறான். எவ்வளவு பாட்டு, எவ்வளவு ஆட்டம், விடிய விடிய நிக்கணும். "புது ஆளு, லேசான வேஷமா குடுங்க"ன்னு எவனும் கேட்டதில்ல. ஆச இருந்தா பாட்டு தானா மனப்பாடமாகும்.

எனக்கு நடந்தத சொல்றேன். முதல் கேம்ல நான் கேட்டது பார்பேரியன், ஆவேசச் சண்டைக்காரன். எங்க வீரபத்திரன் வேஷத்துக்கு ஆவேசம் வந்தா நாலு பேர் கயிறு போட்டு இழுத்துப் புடிப்பாங்களே, அந்த ஆசை தான் எனக்கு. ரேஜ் (ஆவேசம்) வந்துட்டா வெட்டு, குத்து, அடி எல்லாம் பாதி தான் படும். ஆனா "கிளெரிக் இல்லாம முடியாது"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. ரெண்டு நாள் ஆடினேன். மூனாவது நாள் தலைவலின்னு சொல்லிட்டு வீட்டுல படுத்துட்டேன். அப்புறம் அந்த கேமே நின்னு போச்சு. கிளெரிக் இல்லாததால இல்ல, ஆள் இல்லாததால.

இருபதுமுகம் (பதுளை):
தம்பி, காமன் கூத்துலயும் எல்லாரும் மன்மதன் வேஷம் கேட்டா கூத்து நடக்காது. யாராவது எமனா வரணும், தூதனா வரணும். 1974ல இந்த கேம் முதல் வந்தப்பவே மூனே மூனு வகை தான். சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. திருடனே அடுத்த வருசம் தான் வந்தான். ஆரம்பத்துலயே பூசாரிய வச்சது சும்மாவா?

பனிமூட்டம் (நுவரெலியா):
ரெண்டு பேரும் ஒரே பிழைய விடுறீங்க. கிளெரிக்னா தோட்டத்து டிஸ்பென்சரில பனடோல் நீட்டுற ஆள்னு முடிவு பண்ணிட்டுக் கதைக்கிறீங்க. நான் மூனு வருசமா கிளெரிக் தான். கைடிங் போல்ட்னு ஒரு தாக்குற மந்திரம் இருக்கு, 120 அடி தூரத்துல இருந்து நாலு டி6, அதாவது நாலு ஆறுமுகத் தாயம். சராசரியா 14. அந்த லெவல்ல உங்க ஃபைட்டர் ஒரு வெட்டுல அவ்வளவு எடுக்கட்டும் பார்ப்போம். காயம் ஆத்துற ஹீலிங் வேர்ட் போனஸ் அக்ஷன் (அதே சுத்துல கூடக் கெடைக்குற வேல), 60 அடி தள்ளி நின்னே வாயால சொன்னா போதும், விழுந்தவன் எழும்பிருவான். அதே சுத்துல கையில இருக்குற கதாயுதத்தால இன்னொருத்தன் மண்டையையும் உடைக்கலாம்.

புது ஆளுக்கு இது நல்லதுன்னு நான் சொல்றதுக்குக் காரணம் வேற. கிளெரிக்குக்கு தன் லெவலுக்கு உள்ள மந்திரம் எல்லாமே தெரியும். காலையில எழும்பி இன்னைக்கு எது வேணும்னு தெரிஞ்செடுத்துக்கலாம். பிழையா எடுத்தா நாளைக்கு மாத்தலாம். விசர்ட் அப்படியில்ல, புத்தகத்துல இருக்குறது தான். முதல்ல ஆறு மந்திரம். பிழையான ஆற எடுத்துட்டீங்கன்னா அதோட தான் மாரடிக்கணும்.

ஆனா ஒன்னு. "நீ பொம்பளப் புள்ள, மருந்து போடு"ன்னு சொல்லி குடுத்தா நானும் எடுக்க மாட்டேன். எங்க டேபிள்லயும் அத கேட்டுட்டேன். நான் விரும்பி எடுத்தேன், அது வேற.

கொழுந்துக்கூடை (கொட்டகலை):
அக்கா, அப்படி நேரா சொல்லல. ஆனா மூனு பேர்ல ஒருத்தன் கூட "நான் எடுக்குறேன்"னு சொல்லல.

பனிமூட்டம் (நுவரெலியா):
அத தான் நானும் சொல்றேன்.

பெரட்டுத்தப்பு (நோர்வூட்):
அக்கா சொன்ன ஆறு மந்திரக் கதைக்கு வர்றேன். அந்த ஆறுல ஸ்லீப் (தூங்க வைக்கிற மந்திரம்) எடுங்க தங்கச்சி. அஞ்சு டி8 உருட்டணும், சராசரி 22.5. கொப்ளினுக்கு உயிர் 7. மூனு பேர் ஒரே அடியில தூங்கிருவாங்க, தப்பிக்க உருட்டுறதுக்குக் கூட அவங்களுக்கு வழியில்ல. இருபதுமுகம் அண்ணன் கேம்ல ரெண்டு விசர்ட் இருந்தும் ஒருத்தருமா அத எடுக்கல?

இருபதுமுகம் (பதுளை):
ஒருத்தர் எடுத்திருந்தார். நாலு பேர் விழுந்ததுக்குப் பிறகு தான் ஞாபகம் வந்துச்சு. புது ஆளுக்கு கஷ்டம்னு நான் சொல்றது அத தான். மந்திரம் இல்லாம இல்ல, பதட்டத்துல எது எங்க இருக்குன்னு தேட முடியாது.

சும்மாபாக்குறவன் (ஹட்டன்):
சீட்டு எழுதி வைக்கச் சொல்லுங்க. மந்திரத்துக்கு ஒரு சீட்டு. ஏ.எல். சோதனைக்கு எழுதுனது தானே எல்லாரும்.

பெரட்டுத்தப்பு (நோர்வூட்):
மருந்துக்கு ஆள் இல்லன்னு சொல்றாங்களே, அதுக்கும் வழி இருக்கு. உயிர்ப் புள்ளி 0க்கு போனவன் உடனே சாகுறதில்ல. தன் முறைக்கு ஒருக்கா இருபது முகத் தாயத்த உருட்டணும், 10ஓ அதுக்கு மேலயோ மூனு தடவ வந்தா பொழச்சான், கீழ மூனு தடவ வந்தா போனான். அதுக்குள்ள யாராவது மருந்துப் பெட்டியோட போனா நிப்பாட்டிரலாம். பெட்டி 5 தங்கம், 10 தடவ பாவிக்கலாம், உருட்டத் தேவையே இல்ல, எந்த வகுப்பும் செய்யலாம். ஃபைட்டருக்கு தன் காயத்த தானே ஆத்திக்கிற செக்கன்ட் விண்ட் முதல் லெவல்லயே இருக்கு.

எல்லாத்துக்கும் மேல, ரேஞ்சர் பையன் ரெண்டாம் லெவலுக்கு வந்தா அவனுக்கும் மந்திரம் வரும். காயம் ஆத்துற கியூர் வூண்ட்ஸ் அவன் பட்டியல்லயே இருக்கு. அவன எடுக்கச் சொல்லுங்க.

பனிமூட்டம் (நுவரெலியா):
இது நல்ல கத. ரேஞ்சருக்குக் கெடைக்குறது ரெண்டே மந்திரம், ஒன்ன மருந்துக்குக் குடுக்க அவனுக்கு மனசு வராது. கேட்டுப் பாருங்க.

இருபதுமுகம் (பதுளை):
முதல் லெவல் தாண்டணுமே அதுக்கு. சரி, விசர்ட்னே வைங்க. டி.எம். கிட்ட ஒன்ன மட்டும் கதைச்சு வாங்குங்க: முதல் குகையில ஆளுக்கொரு ஹீலிங் போஷன் (காயம் ஆத்துற மருந்து). கடையில 50 தங்கம், முதல் லெவல்ல யார்ட்டயும் அவ்வளவு இருக்காது. தொரை பங்களான்னு சொன்னீங்க, அலுமாரியில ரெண்டு போத்தல் கெடந்தா யாரு கேக்கப் போறா? இது என் கருத்து மாறினதுக்கு அர்த்தமில்ல. விசர்ட் புதுசுக்கு கஷ்டம் தான்.

கொழுந்துக்கூடை (கொட்டகலை):
நேத்து ராத்திரி கரண்ட் போன நேரம் மெழுகுதிரிய வச்சிக்கிட்டு பசங்கள ஒக்கார வச்சிக் கதைச்சேன். விசர்ட் தான்னு சொல்லிட்டேன். ரேஞ்சர்கிட்ட கியூர் வூண்ட்ஸ் பத்திச் சொன்னதும் "நான் எதுக்கு மருந்து போடணும், நான் வில்லு விடுற ஆளு"ன்னான். நான் ஒன்னும் சொல்லல. ஃபைட்டர் தான் அவன பார்த்து சிரிச்சான். கடைசில "சரி, ரெண்டாம் லெவல்ல பார்ப்போம்"னு எழும்பிப் போயிட்டான். மருந்துப் பெட்டிய ரோக் வாங்குறான்.

இன்னொரு கேள்வி. இருபது முகத் தாயம் எங்க கெடைக்கும்? இங்க கடையில லூடோ தாயம் தான் இருக்கு.

பெரட்டுத்தப்பு (நோர்வூட்):
போன்ல உருட்டலாம். நாங்க ஆரம்பத்துல 1ல இருந்து 20 வரைக்கும் சீட்டு எழுதி பால்மா டின்ல போட்டு குலுக்கி எடுத்தோம். ஆனா சீட்ட வாராவாரம் மாத்துங்க. எங்க 20 கசங்கி மூல மடிஞ்சு போச்சு, தொட்டாலே தெரியும். அந்த மாசம் முழுக்க எங்க ரோக் ஒரு பூட்டுல கூட தோக்கல.

இருபதுமுகம் (பதுளை):
அந்த ரோக் யாருன்னு சொல்ல மாட்டீங்களே.