2 லிட்டர் பெட்ரோல் காரில் நைட்ரஸ் கிட்: வீட்டிலேயே பொருத்துவதற்கு முன் சில ஐயங்கள்

கேள்வி

வணக்கம். என்னுடைய கார் 2 லிட்டர் கொள்ளளவுள்ள, டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர். இன்ஜினின் உட்பாகங்கள் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தவையே. பந்தயத் தளத்தில் மட்டும் பயன்படுத்துவதற்காக ஒரு நைட்ரஸ் ஆக்சைடு கிட் வாங்கியிருக்கிறேன். வாயுவையும் கூடுதல் பெட்ரோலையும் ஒரே நாசில் வழியாகச் செலுத்தும் ‘வெட்’ வகையைச் சேர்ந்தது அது. 50 குதிரைத்திறனைக் கூட்டுவதற்கான ஜெட்டுகள் (பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைகள்) உடன் வந்துள்ளன. கிளட்ச், டைமிங் பெல்ட் போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்து பழகியவன் என்பதால் பாட்டிலைப் பொருத்துவதும் குழாய் இழுப்பதும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கூடுதல் பெட்ரோலை எங்கிருந்து எடுப்பது, இக்னிஷன் டைமிங்கைக் குறைத்தே (தீப்பொறி விழும் தருணத்தைத் தாமதப்படுத்தியே) ஆக வேண்டுமா, கிட்டுடன் வந்திருக்கும் முழுத் த்ராட்டில் சுவிட்ச் ஒன்றே போதுமா என்பவைதான் என் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம் நண்பரே. நீங்கள் எளிது என்று கருதும் பகுதி உண்மையில் எளிதுதான். இன்ஜின் பிழைப்பதும் கெடுவதும் பெட்ரோல் அளவிலும் டைமிங்கிலும்தான் முடிவாகின்றன. ஆகவே உங்கள் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அன்று. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸுக்கு மேல் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. காற்றின் எடையில் சுமார் 23 விழுக்காடுதான் ஆக்சிஜன்; நைட்ரஸின் எடையிலோ சுமார் 36 விழுக்காடு. அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஈடான பெட்ரோல் அதே நொடியில் சிலிண்டருக்குள் சென்று சேராவிட்டால் கலவை மெலிந்து, வெப்பம் ஏறி, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) தொடங்கும். தொழிற்சாலைப் பிஸ்டன்களில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய விளிம்பு உடைவதற்குச் சில நொடி நாக்கிங்கே போதும்.

பெட்ரோலை, இன்ஜெக்டர்களுக்கு அதைத் தரும் குழாயான ஃபியூயல் ரெயிலிலிருந்தோ அதற்குச் சற்று முன்னுள்ள குழாயிலிருந்தோ, அழுத்தத்தைத் தாங்கும் முறையான இணைப்பின் மூலம் எடுங்கள். இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு உரியதல்லாத ரப்பர் குழாயை வெட்டி நடுவே ஒரு ‘டி’ செருகி கிளாம்பு போடுவது தீ விபத்துக்கு வழி. அதற்கு முன் உங்கள் ரெயிலின் அழுத்தம் எவ்வளவு, கிட்டின் ஜெட் அட்டவணை எந்த அழுத்தத்துக்கு எழுதப்பட்டது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். 3 பாருக்குக் கணக்கிட்ட பெட்ரோல் ஜெட்டை 4 பார் ரெயிலில் வைத்தால் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் பெட்ரோல் பாயும். அழுத்தம் குறைவாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, ஆபத்தான திசையில் கலவை மெலியும். பம்ப் பழையதாக இருந்தால் முழுத் த்ராட்டிலில், உச்சச் சுழற்சியில் அழுத்தம் சரிகிறதா என்பதை நைட்ரஸ் இல்லாமலே முதலில் அளந்துவிடுங்கள். நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் சமமாக உள்ளதா என்று பார்க்காமல் எதையும் பொருத்தாதீர்கள்.

டைமிங்கைப் பொறுத்தவரை, ஆக்சிஜன் கூடும்போது கலவை விரைவாக எரிவதால் அழுத்தத்தின் உச்சம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. 50 குதிரைத்திறனுக்கு 1 முதல் 2 பாகை வரை குறைப்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றி, இடைவெளியையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

மேலே உள்ளவற்றில் டைமிங் பற்றி மட்டும் எனக்குச் சிறிய மாற்றுக் கருத்து உண்டு. கம்ப்ரெஷன் விகிதம் மிதமாகவும் பெட்ரோலின் ஆக்டேன் உயர்வாகவும் இருக்கும் இன்ஜினில் 50 என்ற அளவைத் தொழிற்சாலை டைமிங்கிலேயே பலர் ஓட்டுகிறார்கள். உங்கள் வண்டியின் விகிதம் 11-க்கு மேல் இருந்தால் முதல் பதிலின்படியே செய்யுங்கள்.

மின் இணைப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். முழுத் த்ராட்டில் சுவிட்ச் தேவையானதுதான். ஆனால் அது மட்டும் போதவே போதாது. ஐந்தாம் கியரில் நிமிடத்துக்கு 1500 சுழற்சியில் நீங்கள் பெடலை முழுவதும் அழுத்தினாலும் அந்தச் சுவிட்ச் வாயுவைத் திறந்துவிடும். அவ்வளவு குறைந்த சுழற்சியில் ஒவ்வொரு சுற்றுக்கும் சிலிண்டருக்குள் சேரும் நைட்ரஸ் மிக அதிகம். காற்றின் வேகமோ குறைவு என்பதால் பெட்ரோல் துளிகள் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துச் செலுத்தும் குழாயின்) வளைவுகளில் தேங்கி, பின்தீ வெடித்து, பிளாஸ்டிக் மேனிஃபோல்டைப் பிளந்துவிடக்கூடும். சுமார் 3000 சுழற்சிக்கு மேல் மட்டும் திறந்து, வரம்புக்கு 200 அல்லது 300 சுழற்சி முன்பே மூடிவிடும் விண்டோ சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். மேல் எல்லை ஏன் என்றால், பெரும்பாலான வண்டிகளில் சுழற்சி வரம்பு இன்ஜெக்டர்களை நிறுத்தித்தான் இயங்குகிறது. இன்ஜெக்டர்கள் நின்ற பிறகும் நைட்ரஸ் பாய்ந்துகொண்டிருக்கும் அந்தக் கணமே பிஸ்டனைத் துளைக்கப் போதுமானது.

பெட்ரோல் அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் இணைப்பைத் துண்டிக்கும் பிரஷர் சுவிட்சையும் அதே சுற்றில் தொடராக இணையுங்கள். வாயுவையும் பெட்ரோலையும் திறந்துவிடும் மின் வால்வுகளான சாலினாய்டுகள் இழுக்கும் மின்னோட்டம் பெரியது. அதை மெல்லிய சுவிட்சுகள் வழியே விடாமல், ஃபியூஸுடன் கூடிய ரிலே வழியாக, பாட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள். முதன்மைச் சுவிட்சுக்கான மின்சாரம் இக்னிஷன் போட்டால் மட்டுமே வருவதாக இருக்கட்டும். உங்கள் த்ராட்டில் கம்பியில்லாத மின்னணு வகை என்றால், சமிக்ஞையைப் பெடலிலிருந்து எடுக்காமல் த்ராட்டில் பாடியிலிருந்து எடுங்கள். கணினி தானாக த்ராட்டிலை மூடும் நேரங்களும் உண்டு.

பதில் 3

பாட்டிலை யாரும் தொடவில்லையே என்பதால் எழுதுகிறேன். அது எளிய வேலை என்ற கருத்தை நான் ஏற்கவில்லை.

பாட்டிலின் அழுத்தம் முழுக்க முழுக்க வெப்பநிலையைச் சார்ந்தது. 0 பாகையில் 31 பார், 20 பாகையில் 50 பார், 30 பாகையில் 63 பார் என அது ஏறுகிறது. பெரும்பாலான ஜெட் அட்டவணைகள் 62 முதல் 69 பார் வரையிலான அழுத்தத்துக்கு எழுதப்பட்டவை. பாட்டில் குளிர்ந்திருந்தால் நைட்ரஸ் குறைந்து கலவை அடர்த்தியாகும், மிகவும் சூடாக இருந்தால் கலவை மெலியும். எனவே அழுத்தமானி இல்லாமல் ஒரு முறைகூடத் திறக்காதீர்கள். சூடாக்க வேண்டியிருந்தால் அழுத்தம் பார்த்துத் தானாக நிற்கும் மின்சூடாக்கியை மட்டுமே பயன்படுத்துங்கள். தீச்சுடரைப் பாட்டிலின் அருகே கொண்டுவரவே கூடாது.

வால்வு முன்னோக்கியும் பெயர்ப் பட்டை மேல்நோக்கியும் இருக்குமாறு, வால்வுப் பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். உள்ளிருக்கும் உறிஞ்சு குழாய் பின்பக்க அடிப்பகுதியை நோக்கி வளைந்திருப்பதால், வண்டி வேகமெடுக்கும்போது திரவம் அங்கே திரளும். தாங்கிகளை வண்டியின் தரைத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். பாதுகாப்புத் தகடு வெடித்தால் வாயு வெளியேறுவதற்கான குழாய் ஒன்றை வண்டிக்கு வெளியே கொண்டுசெல்லுங்கள். மூடிய கேபினுக்குள் நைட்ரஸ் நிரம்பினால் மூச்சுக்கு ஆக்சிஜன் இராது. எண்ணெயோ கிரீஸோ பட்ட கையால் வால்வு இணைப்புகளைத் தொடாதீர்கள். டெஃப்லான் நாடாவும் வேண்டாம். அதன் நார்கள் ஜெட்டை அடைக்கும், பெட்ரோல் ஜெட் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை முதல் பதிலே சொல்லிவிட்டது.

தளத்தை விட்டு வெளியேறும்போது பாட்டில் வால்வை மூடி, குழாயிலுள்ள மிச்சத்தையும் வெளியேற்றிவிடுங்கள். சாலினாய்டு கசிந்து, நின்ற இன்ஜினின் மேனிஃபோல்டில் நைட்ரஸ் தேங்கியிருக்கும்போது சாவியைத் திருப்பினால் வெடிப்பு நிச்சயம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கம்ப்ரெஷன் விகிதம் 11.5 என்பதால் டைமிங்கைக் குறைக்கவே முடிவு செய்துள்ளேன். விண்டோ சுவிட்சும் பிரஷர் சுவிட்சும் வாங்கிய பின்னரே வேலையைத் தொடங்குவேன். முதல் ஓட்டத்தில் கலவை சரியாக உள்ளதா என்பதை வண்டியில் ஏற்கெனவே உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டு அறியலாமா?

பதில் 1

பல வண்டிகளில் தொழிற்சாலைச் சென்சார் குறுகிய வீச்சுள்ள ‘நேரோபேண்ட்’ வகை. கலவை சமநிலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மட்டுமே அது நம்பகமாகச் சொல்லும். தனியாக, பரந்த வீச்சில் அளக்கும் ஒரு வைட்பேண்ட் மீட்டர் பொருத்தி, நைட்ரஸ் பாயும்போது காற்றுக்கும் பெட்ரோலுக்குமான எடை விகிதம் 11.5-க்கும் 12-க்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள். அந்த அளவு 12.5-ஐத் தாண்டினால் உடனே பெடலை விட்டுவிடுங்கள். முதல் ஓட்டம் மூன்றாம் கியரில் இரண்டு அல்லது மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். பிறகு இன்ஜினை நிறுத்தி பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் நுண்ணிய மின்னும் துகள்கள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அப்படித் தெரிந்தால் ஜெட்டையும் டைமிங்கையும் திருத்தாமல் மறுமுறை ஓட்டாதீர்கள்.

இன்னொன்று: பொதுச் சாலையில் இதைப் பற்றிய சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன, பாட்டிலை இணைத்த நிலையில் ஓட்டுவதையே சில இடங்கள் அனுமதிப்பதில்லை. காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.