கால் ஆஃப் கதுலு: 1981இல் வந்த ஆட்டத்தை யாழ்ப்பாணத்துக் கதையோட தமிழிலை நடத்திறது எப்பிடி?

பனங்கூடல்:

வணக்கம். நாலு பேரோட கால் ஆஃப் கதுலு எண்ட ஹொரர் ரோல்பிளேயிங் ஆட்டத்தின்ரை (மேசையைச் சுத்தி இருந்து ஆளாளுக்கு ஒரு பாத்திரமாகி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்திற ஆட்டம்) ஏழாம் பதிப்பைத் தமிழிலை நடத்தப் போறன். கதை 1927இல், யாழ்ப்பாணத்திலையே. மூண்டு விசயத்திலை தெளிவு வேணும். துப்புத் தேடுற ரோலிலை, அதாவது டைஸ் உருட்டிற சோதனையிலை, எல்லாரும் தோத்தால் கதை நிண்டுபோகும் எண்டுகினம். அதை எப்பிடித் தவிர்க்கிறது? சானிட்டியை, அதாவது பாத்திரத்தின்ரை புத்தித் தெளிவுப் புள்ளியை, எவ்வளவு வேகமாக் குறைக்கலாம்? பத்துப் பக்க டைஸ் இல்லாட்டி என்ன செய்யிறது? அதோட, புதுசு புதுசா எத்தினையோ ஹொரர் ஆட்டம் வந்தும் ஏன் எல்லாரும் இந்தப் பழசையே கைகாட்டினம்?

கிளாலிக்காத்து:

கடைசிக் கேள்வியிலை இருந்து தொடங்கிறன். மற்றதுகளுக்கு விடையும் அதுக்குள்ளதான் கிடக்கு.

1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தாப் பிறகு இந்த வகை ஆட்டங்களிலை பொதுவான போக்கு ஒண்டுதான்: சண்டை பிடி, செல்வம் எடு, பலத்தைக் கூட்டு. சாண்டி பீட்டர்சன் கேயோசியம் நிறுவனத்துக்கு எழுதின இந்த ஆட்டம் அதைத் தலைகீழாக்கிச்சு. இயங்குமுறை புதுசில்லை, அதே நிறுவனத்தின்ரை ரூன்க்வெஸ்டிலை இருந்து வந்த நூற்றுவீத முறைதான்: நூறுக்குள்ளை உருட்டின எண் திறனின்ரை வீதத்துக்குள்ளை வந்தால் வெற்றி. புதுசு எது எண்டால் சானிட்டி. பவர் (மனவலிமைக் குணம்) எவ்வளவோ அவ்வளவுதான் தொடக்கச் சானிட்டி. அதின்ரை உச்சவரம்பு 99இலை இருந்து கதுலு மித்தோஸ் (லவ்கிராஃப்ட் எண்ட ஹொரர் எழுத்தாளரின்ரை கதைகளிலை வாற பூதங்களைப் பற்றின அறிவு) திறனைக் கழிச்சால் வாறது. அந்தத் திறனைக் கூட்டிற வழி, தடைசெய்த ஏடுகளை வாசிக்கிறதும் அந்தப் பயங்கரங்களாலை புத்தி பேதலிக்கிறதும். எதிரியைத் தடுக்கத் தேவையான அறிவே உங்கடை புத்தியின்ரை எல்லையை நிரந்தரமாக் குறைக்கும். நாப்பது வருசத்துக்கு மேலாகியும் இந்த ஒரு பூட்டை இதைவிட வடிவா ஆரும் போடேல்லை எண்டதுதான் என்ரை முடிவு.

அந்தப் பூட்டிலை இருந்து கிளைச்சது கனக்க. 1987இல் வந்த ஆர்க்கம் ஹொரர் பலகை ஆட்டத்திலை உயிரும் புத்தியும் தனித்தனிக் கணக்கு. வீடியோ கேம் பக்கம் எடேர்னல் டார்க்னஸ் (2002), அம்னீசியா (2010) ரெண்டும் அதே எண்ணத்திலைதான் நிக்குது. ஜப்பானிலை 1986இல் மொழிபெயர்ப்பு வந்தது. இண்டைக்கும் அங்கை மிகப் பிரபலமான ரோல்பிளேயிங் ஆட்டங்களிலை இது ஒண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய கதைப் புத்தகம் எதையும் தூக்கிப்போடத் தேவையில்லை. முதல் ஆறு பதிப்பிலை 13 எண்டு இருந்த ஸ்ட்ரெந்தை 5ஆலை பெருக்கினால் ஏழாம் பதிப்புக்கு 65. திறன்களின்ரை வீதம் பெரும்பாலும் அப்பிடியே இருக்கும். 1984இல் வந்த மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லத்தோடெப் எண்ட கதைப் புத்தகத்தை இண்டைக்கும் ஆக்கள் விளையாடினம் எண்டால் இதுவும் சேர்ந்துதான்.

சுருட்டுக்கொட்டில்:

துப்புக் கேள்விக்கு முதலிலை கணக்கைப் பாருங்கோ. ஸ்பொட் ஹிடன் (மறைஞ்சதைக் கண்டுபிடிக்கிற திறன்) அடிப்படை 25 வீதம். திறன் கூட்டாத நாலு பேர் ஒரே அறையிலை தேடினாலும், நாலு பேருமே தோக்கிற வாய்ப்பு 0.75ஐ நாலு தரம் பெருக்கினால் வாற 0.316. கதையின்ரை கழுத்து அந்த அறையிலை ஒளிச்சு வைச்ச ஒரு கடிதத்திலை தொங்கினால், மூண்டு தரத்துக்கு ஒருக்காக் கிட்டக் கதை செத்துப்போகும். 2008இல் வந்த ட்ரெயில் ஆஃப் கதுலு எண்ட வேறை ஆட்டம் இந்தக் குறையைக் குறிவைச்சுத்தான் எழுதப்பட்டது. அதிலை தேட வேண்டிய இடத்துக்குப் பொருத்தமான திறனோட போனாலே முக்கியத் துப்பு கையிலை வரும், டைஸே இல்லை.

ஆட்டத்தை மாத்தாமலே அந்த வழக்கத்தை இஞ்சை கொண்டரலாம். கதை நகர வேண்டிய துப்பை ரோல் இல்லாமல் குடுங்கோ. ரோல் எதுக்கெண்டால் விலைக்கு: வெண்டால் ஆருக்கும் தெரியாமல் எடுத்தாச்சு, தோத்தால் எடுக்கேக்கை விதானையார் வாசலிலை நிக்கிறார். ஏழாம் பதிப்பின்ரை புஷ் ரோலும் (தோத்த ரோலை இன்னொருக்கா உருட்டிற வாய்ப்பு) இதுக்குத்தான். தோத்தவர் வேறை என்ன செய்து பாக்கிறார் எண்டு சொல்லவேணும். "திரும்பப் போடுறன்" எண்டால் காணாது. திரும்பவும் தோத்தால் என்ன நடக்கும் எண்டதை டைஸ் உருட்ட முதலே சொல்லிப்போடுங்கோ. அந்தச் சொல்லுத்தான் மேசையிலை பயத்தைக் கொண்டருது.

சானிட்டி. ஒரே ரோலிலை 5 அல்லது கூடப் போனால்தான் தற்காலிகப் பேதலிப்புக்கான சோதனை. அப்ப இன்ட் (அறிவுக் குணம்) ரோல் போடவேணும். அதிலை வெண்டால்தான் பேதலிப்பு வரும், ஏனெண்டால் கண்டது என்னெண்டு மூளைக்கு விளங்கிப்போச்சு. தோத்தால் மனம் அதை மூடிப்போடும். புதுக் கீப்பர்மார் (கதையை நடத்திறவை) இதைத்தான் மாறிப் பிடிக்கிறவை. இப்ப, 1டி4 (நாலுபக்க டைஸ் ஒண்டு) இழப்பு ஒருக்காலும் 5ஐத் தொடாது. அதாலை பிரேதம், இரத்தம், விளங்காத சத்தம் எல்லாம் 0/1டி2 (சானிட்டி ரோலிலை வெண்டால் முன் எண், தோத்தால் பின் எண் இழப்பு), 0/1டி3, மிஞ்சினால் 1/1டி4. 1டி6 அல்லது அதுக்கு மேலை எண்டால், ஒருக்கா இருந்து விளையாடேக்கை ஒண்டு காணும். சானிட்டி 60 உள்ளவர் 0/1டி6ஐச் சந்திச்சால் சராசரி இழப்பு 1.4தான், 5ஐத் தொடுற வாய்ப்பு நூற்றுக்குப் பதின்மூண்டு. ஆனால் ஒரு ஆட்ட நாளுக்குள்ளை சானிட்டியிலை ஐஞ்சிலை ஒண்டு போனால் நீண்டகாலப் பேதலிப்பு. 60 உள்ளவருக்கு அது 12. ஒரே இரவிலை நாலைஞ்சு பயங்கரத்தை அடுக்கினால் இந்த வரம்புதான் முதலிலை உடையும். நாள் மாற விடுங்கோ.

டைஸுக்குக் கடதாசிக்கட்டுக் காணும். கறுப்பிலை ஒரு சாதி, சிவப்பிலை ஒரு சாதி, ஆசிலை இருந்து பத்துவரை. தனித்தனியாக் குலைச்சு ஒவ்வொண்டு இழுக்க, கறுப்பு பத்தாமிடம், சிவப்பு ஒண்டாமிடம். பத்துக் கடதாசி 0. ரெண்டும் 0 எண்டால் 100. போனஸ் டைஸுக்கு (வாய்ப்பைக் கூட்ட மேலதிகமா உருட்டிற பத்தாமிட டைஸ்), முதல் இழுத்ததைத் திரும்பச் செருகிப்போட்டு இன்னொரு கறுப்பு இழுத்துக் குறைஞ்சதை எடுக்கிறது. ஒவ்வொரு தரமும் திரும்பச் செருகிக் குலைக்கவேணும், இல்லாட்டி வாய்ப்பு மாறிப்போகும். 1டி6க்கு லூடோக் கட்டை. ஆளை உருவாக்க நேரம் இல்லையெண்டால் 80, 70, 60, 60, 50, 50, 50, 40 எண்ட எட்டு எண்ணையும் எட்டுக் குணத்துக்குப் பிரிச்சுக் குடுங்கோ.

பனங்கூடல்:

கணக்கு வடிவா விளங்கீட்டுது, நன்றி அண்ணை. அப்ப லைப்ரரி யூஸ் (நூலகத்திலை தேடுற) திறனை 1927 யாழ்ப்பாணத்திலை எங்கை பாவிக்கிறது?

நொத்தாரிசுவீடு:

பொது நூலகம் 1930களிலைதான் தொடங்கினது, அதாலை உங்கடை கதையிலை அது இல்லை. அது குறையில்லை, நல்ல வசதி. தேடல் ஒரே கட்டடத்துக்குள்ளை முடியாமல் ஊர் முழுக்க விரியும். 1841இலை இருந்து வந்த உதயதாரகையின்ரை பழைய இதழுக்கு மிசன் ஆக்களைப் பிடிக்கவேணும். 1889இல் தொடங்கின இந்துசாதனத்துக்குச் சைவ பரிபாலன சபை. ஒருத்தர் வேதக்காரர், ஒருத்தர் சைவர் எண்டு குழுவை அமைச்சால் ஆர் எங்கை உள்ளுக்குப் போகலாம் எண்டதே ஆட்டமாகும். ஒல்லாந்தர் காலத் தோம்பு (காணிப் பதிவேடு) வாசிக்க டச்சு மொழித் திறன் வேணும். பறங்கித் தெருவிலை ஒரு முதியவரை வைச்சுக்கொள்ளுங்கோ. அந்த வருசம் நவம்பரிலை காந்தி வந்தவர். ஊரிலை புது முகங்கள் திரியிறதுக்கு ஆரும் காரணம் கேக்காத கிழமை அது.

கையிலை குடுக்கிற துப்புக்கு நிலத்து உறுதியை விட நல்லது கிடையாது. எங்கடை உறுதிகளிலை கிணத்துப் பங்கு எழுதுவினமல்லோ. மூண்டு உறுதி செய்யுங்கோ: ஒண்டிலை அரைப் பங்கு, ஒண்டிலை காற்பங்கு, ஒண்டிலை ஆறில் ஒரு பங்கு. கூட்டினால் பன்னிரண்டில் பதினொண்டு. மிச்சப் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆற்றை? ரோல் ஒண்டும் வேண்டாம், விளையாடுறவை தாங்களே கூட்டிக் கண்டுபிடிப்பினம். கிணறு நிலாவரைப் பக்கம் எண்டால் இன்னும் பொருந்தும். அங்கை மேலை நல்ல தண்ணி, ஆழத்திலை உப்பு.

கடுதாசியைப் பழசாக்கக் கடுஞ்சாயம்: ஒரு கோப்பைக்கு ரெண்டு மேசைக்கரண்டி தேயிலை, நல்லா ஆறவிட்டுத் தூரிகையாலை பூசி நிழலிலை காயவையுங்கோ. போட்டோக்கொப்பிக் கடையிலை எடுத்த பிரதி கரையாது, ஏனெண்டால் தூள்மை சூட்டிலை ஒட்டினது. வீட்டு இங்க்ஜெட்டிலை அடிச்சால் எழுத்து ஊறிப் பரவும். கையாலை எழுதிறதெண்டால் காய்ஞ்ச பிறகு எழுதுங்கோ.

ரெண்டு விசயத்திலை கவனம். லவ்கிராஃப்டின்ரை கதைகளிலை கெட்ட வழிபாட்டுக்காரர் பெரும்பாலும் வெள்ளையர் அல்லாத ஆக்கள். அது அந்தாளின்ரை இனவெறி. அதை அப்பிடியே இறக்கினால் எங்கடை அம்மன் கோயில் பூசாரி வில்லனாகிப்போவார். தீமையை அதிகாரமும் காசும் உள்ள பக்கத்திலை வையுங்கோ. மற்றது, பேதலிப்பு அட்டவணை (பேதலிச்ச ஆளுக்கு என்ன நடக்கும் எண்டு டைஸ் போட்டுத் தீர்மானிக்கிற பட்டியல்). இஞ்சை மேசையிலை இருக்கிறவைக்குப் போர் புதுசில்லை. செல் சத்தம், காணாமல் போறது, பங்கர் இதெல்லாம் கதையிலை வரலாமோ எண்டு தொடங்க முதலே ஒவ்வொருத்தரிட்டையும் தனியக் கேளுங்கோ. அட்டவணையிலை டைஸ் போடாமல் விளையாடுறவரே தன்ரை ஆளுக்குப் பொருந்தினதைத் தெரியட்டும். பேந்து கதையை 1981க்கு நகர்த்திற எண்ணம் வந்தால், நூலக எரிப்பை எந்தப் பூதத்தின்ரை தலையிலையும் கட்டாதேங்கோ. அதைச் செய்தது மனுசர்.

பனங்கூடல்:

நிலாவரை எடுத்தாச்சு. சானிட்டி ரோலையும் புஷ் பண்ணலாமோ?

சுருட்டுக்கொட்டில்:

ஏலாது. சானிட்டி, லக், சண்டை மூண்டுக்கும் புஷ் இல்லை. லக் புள்ளி செலவழிக்கிற விருப்ப விதியை எடுத்தாலும் அது சானிட்டி ரோலுக்குச் செல்லாது.