சைவத்துக்கு மாறினால் எல்லோர் உடம்பும் ஏற்குமா?

வெண்மணல்:
இறைச்சி, மீன் இரண்டையும் நிறுத்தி மூன்று வருடம் முடிந்துவிட்டது. பாலும் முட்டையும் உண்டு. வயது 47, ஆண். நிறுத்தியபோது கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், 168 இருந்தது. போன மாதம் 127. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. எடை ஆறு கிலோ இறங்கியிருக்கிறது.

முதல் மாதம்தான் கஷ்டம். பயறும் கொண்டைக்கடலையும் திடீரென்று கூட்டியதால் வயிறு உப்பி, இரவில் தூங்க முடியாமல் தவித்தேன். அளவைக் குறைத்துக்கொண்டு, மெதுவாக ஏற்றிய பிறகு குடல் பழகிவிட்டது. என் அனுபவத்தில் சைவத்தைக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் இறைச்சி இருந்த இடத்தைச் சோற்றாலும் ரொட்டியாலும் நிரப்பியவர்கள். சரியாகச் சாப்பிட்டால் யாருக்கும் எந்தக் குறையும் வராது.

தூறல்:
உங்கள் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் 14 மாதம் சைவமாக இருந்தவள். தினமும் பருப்பு, முளைகட்டிய பயறு, கீரை. இரும்புச்சத்து உடம்பில் சேரட்டும் என்று சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டேன். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். ஒன்பதாம் மாதம் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 8. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனாலே உடம்பின் இரும்பு இருப்பு தீர்ந்துவிட்டது என்று கணக்கு.

இரும்பு மாத்திரையோடு இன்னும் சில மாதம் இழுத்துப் பார்த்தேன், பெரிதாக ஏறவில்லை. அப்புறம்தான் வாரம் இரண்டு நாள் இறைச்சிக்குத் திரும்பினேன். ஆறு மாதத்தில் ஃபெரிட்டின் 34. உடம்பு தேறிவிட்டது. ஆனால், விட்டுவிட்டேன் என்று சொன்ன இடத்திலெல்லாம் "நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய்" என்றார்களே, அது இன்னும் ஆறவில்லை. நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள்.

வெண்மணல்:
சகோதரி, உங்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. மாத்திரையும் இறைச்சியும் சேர்ந்தே போயிருந்தால், எது ஃபெரிட்டினை ஏற்றியது என்று எப்படித் தெரியும்? தினமும் இறைச்சி சாப்பிடும் பெண்களுக்கும் இரத்தசோகை வருகிறதே. வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

தூறல்:
நியாயமான கேள்விதான். பார்த்தாயிற்று. மாதவிடாய் அளவு சாதாரணம், குடலில் கோளாறு இல்லை என்றார் மருத்துவர். மாத்திரையால் மலச்சிக்கல் தாங்க முடியாமல் போனதால், இறைச்சிக்குத் திரும்பிய முதல் மாதமே அதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

நீங்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அமெரிக்கப் பரிந்துரைப்படி உங்கள் வயது ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 18. தாவர உணவிலிருக்கும் இரும்பு குறைவாகவே உடம்பில் சேர்வதால், சைவர்கள் அதை 1.8 மடங்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்களுக்கு 14 சொச்சம், எனக்கு 32. ஒரு கோப்பை வெந்த மசூர் பருப்பில் இருப்பது ஆறரை மில்லிகிராம். நீங்கள் இரண்டேகால் கோப்பையில் எட்டிவிடும் இடத்தை நான் ஐந்து கோப்பையில் எட்ட வேண்டும். நம் இருவர் தட்டும் ஒன்றாகவே இருந்தாலும், உங்களுக்குப் போதுமானது எனக்குப் பாதிதான்.

நீலக்கல்:
நான் வெண்மணல் பக்கம். இதயத்துக்குச் சைவம் நல்லது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் சுமார் 48,000 பேரை 18 வருடம் கவனித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2019-ல் வந்தது. இறைச்சி சாப்பிடுவோரைவிடச் சைவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயநோய் 22 சதவீதம் குறைவு.

தூறல்:
அதே ஆய்வில் சைவர்களுக்குப் பக்கவாதம் 20 சதவீதம் அதிகம் என்றும் வந்தது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நீலக்கல்:
அதையும் சொல்லியிருக்க வேண்டும், என் தவறு. ஆனால் சதவீதத்தை விட்டு ஆட்கணக்கில் பாருங்கள். பத்து வருடத்தில் ஆயிரம் பேருக்கு இதயநோய் பத்துப் பேருக்குக் குறைகிறது, பக்கவாதம் மூன்று பேருக்குக் கூடுகிறது. என் அப்பாவுக்கு இதயநோய். அதனால் எனக்கு அந்தப் பத்துதான் பெரிதாகத் தெரிகிறது.

பழைய சைக்கிள்:
நீங்கள் இருவரும் இரும்பிலேயே நிற்கிறீர்கள். எனக்கு 63 வயது. ஐந்து வருடமாகச் சைவம், கடைசி மூன்று வருடம் பாலும் முட்டையும்கூட இல்லை. நாளுக்கு இரண்டு கைப்பிடி கீரை சாப்பிடுவேன். இரத்தசோகை கிடையாது, ஹீமோகுளோபின் 14. அதனால் கவலையே இல்லாமல் இருந்தேன்.

முதலில் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் இருட்டில் நடக்கும்போது தரை எங்கே என்று கால் அறியாமல் தடுமாறியது. நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி12 பார்த்தால் அடிமட்டம். தாவர உணவில் நம்பக்கூடிய அளவுக்குப் பி12 இல்லை. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் ஓடும் என்பதால் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. கீரையில் நிறைந்திருக்கும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடலாம். இரத்தப் பரிசோதனை நன்றாகத் தெரியும்போதே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கலாம். நான் சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் பி12 சேர்வதைக் குறைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஊசி போட்டுக்கொண்டு, இப்போது மாத்திரையில் ஓடுகிறது. தடுமாற்றம் போய்விட்டது. இடது பாதத்தில் மரத்த உணர்வு மிச்சமிருக்கிறது. இன்றும் நான் சைவம்தான், விட மாட்டேன். வெண்மணல் தம்பி, கொழுப்பு அளவு எழுதினீர்கள், எடை எழுதினீர்கள். பி12 எவ்வளவு என்று எழுதவில்லையே?

வெண்மணல்:
நீலக்கல்லுக்கு நன்றி, எனக்கும் இதயம்தான் காரணம். தூறல், உங்கள் 32 கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். நான் அதை யோசித்ததே இல்லை. முதல் பதிவில் "யாருக்கும்" என்று எழுதியதை எடுத்துவிடுகிறேன். ஆனால் திட்டமிடாமல் கைவிடுபவர்களும் நிறைய உண்டு என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன். என் நண்பர்கள் நான்கு பேரை நேரில் பார்த்திருக்கிறேன்.

தூறல்:
எடுத்ததற்கு நன்றி. அந்த நான்கு பேரை நான் மறுக்கவில்லை, என்னை அவர்களோடு சேர்க்காதீர்கள் என்றுதான் கேட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சைவத்துக்குப் போனது கொழுப்புக்காக இல்லை. ஒரு லாரியில் நெருக்கி ஏற்றிப்போன மாடுகளைப் பார்த்த நாளிலிருந்துதான். வாரத்தில் அந்த இரண்டு நாளும் தட்டின் முன் உட்காரும்போது இப்போதும் மனம் கூசுகிறது. எளிதாக விட்டுவிட்டுப் போனவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

பழைய சைக்கிள்:
அப்படி யாரும் நினைக்க மாட்டோம் அம்மா. தம்பி, என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

வெண்மணல்:
பார்த்ததே இல்லை ஐயா. பாலும் முட்டையும் இருக்கிறதே, போதும் என்று நினைத்துவிட்டேன். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும் என்று இப்போதுதான் படித்தேன். நான் சாப்பிடுவது ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும். இரண்டிலுமாக அதை எட்டாது போலிருக்கிறது. நாளைக் காலை இரத்தம் கொடுக்கிறேன். ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். எந்த எண் வந்தாலும் இங்கேயே எழுதுகிறேன்.