இருட்டை எண்ணச் சொன்ன மாமா

வெளிச்சவீடு என்றால் எல்லோரும் அதில் ஏறிய கதையைத்தான் சொல்வார்கள். நான் கொழும்பு வெளிச்சவீட்டைக் கடலில் இருந்து பார்த்த இரவைச் சொல்கிறேன்.

2003, சமாதானக் காலம். மாமாவுக்கு முகத்துவாரத்தில் ஒரு வள்ளம் இருந்தது. அன்றைக்கு நானும் கூடப் போனேன். வலை இழுத்து முடிய இரண்டு மணி தாண்டிவிட்டது. நிலவும் இல்லை. கரை எந்தப் பக்கம் என்றே எனக்குப் பிடிபடவில்லை. மாமா பதறாமல் கிழக்கே கையை நீட்டினார். அடிவானத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு சாயல் ஓடி மறைந்தது. விளக்கைக் காணவில்லை, அதன் ஒளி மட்டும் வானத்தைத் தடவிவிட்டுப் போனது. பூமி வளைந்திருப்பதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். கோபுரத்தின் உயரம் 29 மீட்டர். அந்த உயரத்துக்கு அடிவானம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். வள்ளத்தில் குந்தியிருப்பவனுக்கு அதோடு நாலைந்து கிலோமீட்டர் சேரும். அதற்கு அப்பால் விளக்கு கடலுக்குக் கீழே.

கொஞ்சம் ஓடியதும் விளக்கே மேலே வந்தது.

"தம்பி, வெளிச்சத்தைப் பாக்காத, இருட்டை எண்ணு" என்றார் மாமா. மூன்று தரம் மின்னியது, பிறகு நீண்ட இருட்டு, மறுபடி மூன்று. ஒரு சுற்றுக்குப் பத்து வரை எண்ணினேன். "பத்தெண்டா எங்கட வெளிச்சவீடு. தெற்கே தேவேந்திரமுனை வெளிச்சவீடெண்டா அஞ்சுக்கு ஒண்டு." நகரத்தின் மற்ற விளக்குகள் எல்லாம் சும்மா எரிந்துகொண்டிருந்தன. இது மட்டும் தன் பெயரைச் சொன்னது.

விளக்குத்தான் அணைந்து அணைந்து எரிகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் விளங்கியது: சுழலும் வில்லை (லென்ஸ்) வைத்த வெளிச்சவீடுகளில் விளக்கு அணைவதே இல்லை. அதைச் சுற்றியுள்ள கண்ணாடிதான் சுழலும். ஒவ்வொரு கண்ணாடிப் பலகையும் நம் பக்கம் திரும்பும்போது ஒரு மின்னல். மூன்று பலகைகளை நெருக்கி வைத்து மீதியை வெறுமையாக விட்டால் மூன்று மின்னலும் ஓர் இருட்டும். இந்த வகை வில்லை 1820களில் பிரெஞ்சுக்காரர் பிரெனெல் செய்த வேலை. அவ்வளவு பெரிய வில்லையை முழுக் கண்ணாடியில் வார்த்தால் தடிப்பும் பாரமும் தாங்காது. அதனால் வளையம் வளையமாக வெட்டி அடுக்கினார். நடு வளையங்கள் ஒளியை வளைக்கும், ஓரத்துப் பட்டகங்கள் (முக்கோணக் கண்ணாடித் துண்டுகள்) உள்ளுக்குள்ளேயே தெறிக்க வைத்துத் திருப்பும். மேலும் கீழும் சிதறிப்போகும் வெளிச்சம் எல்லாம் கடல் பக்கம் ஒரே கற்றையாகப் போகும். பெரிய வில்லைகளைப் பாதரசத் தொட்டியில் மிதக்க விடுவார்களாம், டன் கணக்கில் பாரம் இருந்தாலும் ஒரு விரலால் தள்ளலாமாம். அதை ஒருநாள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இன்னும் ஆசை.

கொழும்பு கோட்டைப் பகுதியில் சதாம் வீதி முனையில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1857இல், ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி வரைந்த வடிவத்தில் கட்டியது. பத்து வருடத்துக்குப் பிறகு அதன் தலையில் விளக்கை ஏற்றினார்கள். சுற்றிலும் கட்டடங்கள் உயர உயர, கப்பல்களுக்கு அது தெரியாமல் போய்விட்டது. 1952இல் அணைத்துவிட்டு, நாலு சிங்கங்கள் காவல் இருக்கும் இப்போதைய வெளிச்சவீட்டைக் கடலோரம் எழுப்பினார்கள். அந்தப் பழைய கோபுரத்தின் கண்ணாடி அறையை அண்ணாந்து பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும்.

மாமாவின் வள்ளத்தில் இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. திரும்பி வரும்போது அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் வாய்க்குள் பத்து வரை எண்ணுகிறார்.