சின்ன டிராக்டர்: எந்த கம்பெனி எடுக்கலாம்?

கேள்வி: மூன்று ஏக்கர், பாதி புல், பாதி மரங்கள். 25 குதிரைத்திறன் போதும் என்று நினைக்கிறேன். குபோட்டா, ஜான் டியர், மஹிந்திரா மூன்றையும் ஓட்டிப் பார்த்துக் குழம்பி நிற்கிறேன்.

பதில் 1: பெயரை விடுங்கள், உதிரிபாகம் கையில் வைத்திருக்கும் டீலர் பக்கத்தில் யார் என்று பாருங்கள். என் வண்டியில் (கம்பெனி பெயர் வேண்டாம்) ஒரு ஹைட்ராலிக் சீல் போய், அதற்காக மூன்று வாரம் ஷெட்டில் நின்றது, புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

பதில் 2: லோடர் (முன்னால் மாட்டி மண் அள்ளும் வாளி) மாட்டுவீர்களா? அப்படியென்றால் முன்னும் பின்னுமாக ஓடுகிற வேலைதான் அதிகம், ஹைட்ரோஸ்டாட்டிக் (கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் வகை) எடுங்கள், இல்லாவிட்டால் கிளட்சை மிதித்து மிதித்தே கால் போய்விடும். உழவுதான் முக்கியம் என்றால் சாதா கியரே மேல், சக்தி அவ்வளவு வீணாகாது.

பதில் 3: இன்ஜின் குதிரைத்திறனைப் பார்த்து ஏமாறாதீர்கள், பிடிஓவில் (பின்னால் மாட்டும் கருவிக்குச் சக்தி தரும் சுழல் தண்டு) எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள், ரோட்டவேட்டரைச் சுற்றுவது அதுதான். அப்புறம், மரத்தடியில் ஓட்ட மடக்கும் ரோல்பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பிச் சட்டம்) வேண்டும்.

கேட்டவர்: லோடர் உண்டு. சரி, ஹைட்ரோஸ்டாட்டிக்தான்.