கேட்டட் ரிவெர்ப்: தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

ஒலிப்பதிவுச் சொற்பட்டியலில் 'கேட்டட் ரிவெர்ப்' இன்னும் காலியாகவே கிடக்கிறது. ரிவெர்புக்கு, அதாவது ஓசை நின்ற பிறகும் சுவர்களில் பட்டுத் திரும்பி அறையில் நீளும் ஒலிக்கு, பள்ளி இயற்பியலில் 'எதிர்முழக்கம்' இருக்கிறது. கேட் (ஒலி குறித்த மட்டத்துக்கு மேல் இருந்தால் மட்டும் திறந்து விடும் கருவி) என்பதை 'வாயில்' என்கிறோம். இரண்டையும் ஒட்டி 'வாயில் எதிர்முழக்கம்' என்று போட்டால், கோயில் வாசலில் கேட்கிற சத்தம் போலத் தோன்றுகிறது.

80களின் ஆங்கிலப் பாட்டு கேட்டவர்களுக்கு இந்த ஓசை பழக்கம்தான். ஸ்நேர் டிரம்மின் அடி பெரிய மண்டபத்தில் விழுந்ததுபோல் விரியும். அடுத்த கணமே மண்டபத்தை யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல் நின்றுவிடும். அது எப்படிப் பிறக்கிறது என்று ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் சொன்னால் பெயர் வைப்பது எளிது.

———

> வாயில் எதிர்முழக்கம்

ஐயா, வணக்கம்.

இந்த ஓசை பிறந்த இடம் லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிக்கூடம். 1980இல் வெளிவந்த பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாம் தொகுப்புக்கான பதிவு. டிரம்ஸ் வாசித்தவர் ஃபில் காலின்ஸ், பொறியாளர் ஹ்யூ பாட்ஜம், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட். சிம்பலே (டிரம்ஸோடு வரும் உலோகத் தட்டு) வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லியிருந்தார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

அங்கே இருந்தது எஸ்எஸ்எல் 4000 வகை ஒலிக்கலப்பு மேசை. வாசிப்பவர் அறைக்குள்ளிருந்து பேசுவது மேசைக்காரருக்குக் கேட்க, அறையில் ஒரு மைக் தொங்கும். பேசுபவர் மைக்குக்குப் பக்கத்தில் இருந்தாலும் மூலையில் இருந்தாலும் ஒரே அளவில் கேட்க வேண்டும் என்பதற்காக அதன் பாதையில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியோடு சமப்படுத்தும் கருவி) ஒன்று உண்டு. காலின்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்த மைக் திறந்தது. கல் சுவர் அறையின் முழக்கம் முழுவதையும் கம்ப்ரஸர் மேலே இழுத்துக் கொடுத்தது. பேச்சுக்கான அந்தப் பாதையிலிருந்து பதிவு செய்ய வழியே இல்லை. கம்பி மாற்றிப் போட்ட பிறகுதான் பதிவுக்குக் கிடைத்தது. அதே மேசையின் ஒவ்வொரு சேனலிலும் நாய்ஸ் கேட் இருந்ததால் முழக்கத்தின் வாலை வெட்டுவதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

1981இல் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டு வழியாக உலகமே இதைக் கேட்டது. தொடக்கத்தில் ரோலண்ட் சிஆர்-78 தாளப்பெட்டி மட்டும் மெல்ல ஓடும். ஏறத்தாழ 3 நிமிடம் 40 நொடியில் டிரம்ஸ் இடிபோல் இறங்கும். (மூழ்குகிறவனைக் கரையில் நின்று பார்த்தவனைப் பற்றிய பாட்டு என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. உண்மையில்லை. மணமுறிவுக் கோபத்தில் அப்போதைக்கப்போது வாயில் வந்த வரிகள் என்று காலின்ஸே சொல்லியிருக்கிறார்.)

இப்போது செய்முறை. ஸ்நேரின் ஒலியை ஒரு ஆக்ஸ் தடத்துக்கு (துணைத் தடம்) அனுப்புங்கள். அதில் 2 முதல் 3 நொடி நீளும் அறை அல்லது பிளேட் (உலோகத் தகடு) ரிவெர்ப். அதன் பின் கம்ப்ரஸர், விகிதம் 10:1க்குக் குறையாமல். கடைசியில்தான் கேட். கேட்டை எப்போது திறப்பது என்று சொல்லும் ஒலி (சைட்செயின்), ரிவெர்பிலிருந்து அல்ல, ஸ்நேருக்குப் பக்கத்தில் வைத்த மைக்கின் வறண்ட (ரிவெர்ப் சேராத) ஒலியிலிருந்து வர வேண்டும். அட்டாக் (திறக்கும் நேரம்) 1 மில்லி நொடிக்குள், ஹோல்ட் (திறந்து நிற்கும் நேரம்) 200 முதல் 400, ரிலீஸ் (அடையும் நேரம்) 20 முதல் 60. ஹோல்டைப் பாட்டின் வேகத்தோடு சேர்க்க 60,000ஐ நிமிடத்துக்கான அடிகளால் வகுங்கள். 120 வேகத்தில் ஓர் அடி 500 மில்லி நொடி, அரையடி 250. அந்த 250இல் தொடங்கிக் காதால் சரிசெய்யுங்கள்.

கெட்டுப்போகிற இடங்கள்: சைட்செயினை ரிவெர்பிலிருந்தே எடுத்தால் வால், கேட் திறக்கும் மட்டத்தைச் சுற்றி ஏறி இறங்கும், கேட் படபடவென்று அடித்துக்கொள்ளும். ரிலீஸை 0 ஆக்கினால் அலை பாதியில் அறுந்து 'டிக்' கேட்கும். ஹை-ஹாட் (இரட்டைச் சிம்பல்) ஸ்நேர் மைக்கில் கசிந்தால் அதுவும் கேட்டைத் திறக்கும். சைட்செயினில் 200 ஹெர்ட்ஸ் பக்கத்தை மட்டும் விட்டு மேலே உள்ளதை வடிகட்டினால் பெருமளவு அடங்கும். அறை மைக்கையே கேட் செய்தால் அந்த வடிகட்டியும் போதாது. ஸ்நேருக்காகத் திறக்கும்போது சிம்பல் இரைச்சலும் கூடவே நுழைந்து துண்டு துண்டாகக் கேட்கும். சிம்பல் வேண்டாம் என்றது அங்கே எவ்வளவு உதவியிருக்கும் என்று பாருங்கள்.

கம்ப்ரஸர் ஏன் கேட்டுக்கு முன்? அது இல்லாவிட்டால் வால் தானாகவே தேய்ந்துகொண்டு போகும். தேய்ந்த வாலை வெட்டினால் காதுக்கு உறைக்காது. கம்ப்ரஸர் வாலைத் தேயவிடாமல் ஒரே உயரத்தில் நிறுத்துகிறது. அந்த உயரத்திலிருந்து விழுவதால்தான் வெட்டு கேட்கிறது.

ஆகவே என் பரிந்துரை: கேட்டுக்கு வாயில் வேண்டாம், மதகு. நீர் மட்டம் பார்த்துத் திறப்பதும் அடைப்பதும்தானே மதகு? நாய்ஸ் கேட் ஒலி மட்டம் பார்த்துத் திறக்கிறது. 'மதகு எதிர்முழக்கம்' என்று வைக்கலாம்.

———

> மதகு எதிர்முழக்கம்

அம்மாவின் விளக்கத்துக்கு நன்றி. மதகு மிக நல்ல சொல். ஆனால் எனக்கு ஓர் ஐயம். இதே ஓசையை கேட் இல்லாமலும் எடுக்க முடியுமா? முடியுமென்றால் மதகு கருவியின் பெயர்; ஓசையின் பெயர் ஆகாது.

வேறு சில சொற்களையும் உரசிப் பார்த்தேன். 'அறுமுழக்கம்' காதுக்கு இனிமை. ஆனால் அறுமுகம், அறுசுவை போல ஆறு முழக்கம் என்று படிப்பார்கள். 'வெட்டுமுழக்கம்' இலக்கணத்துக்கு ஒத்துவரும், வெட்டுக்காயம் போல. ஆனால் முழக்கத்தை இன்று செய்தித்தாள்கள் கோஷத்துக்குப் பயன்படுத்துகின்றன. 'வெட்டு' முன்னால் வந்து நின்றால் கலவரச் செய்தி போல இருக்கும். 'கார்வை'யைச் சிலர் நினைக்கக்கூடும். அது தாளக் கணக்கு. மிருதங்கத்தின் ஓசை அடங்கிய பிறகும் கார்வையின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது இடத்தின் ஓசை. அதனால் கார்வையைத் தொட வேண்டாம்.

———

> கேட் இல்லாமலும் எடுக்க முடியுமா?

முடியும் ஐயா. நீங்கள் பிடித்தது சரியான இடம். 80களின் தொடக்கத்தில் வந்த ஏஎம்எஸ் ஆர்எம்எக்ஸ்16 என்னும் டிஜிட்டல் கருவியில் 'நான்லின்' என்றொரு நிரல் உண்டு. அதில் அறையும் இல்லை, கேட்டும் இல்லை. எதிரொலிகளை ஒரே உயரத்தில் அடுக்கி, குறித்த நேரத்தில் நிறுத்திவிடுகிறது. அந்தக் காலப் பாட்டுகள் பலவற்றில் கேட்பது இந்த நிரல்தான். கேட்பவருக்கு இரண்டும் ஒரே இனம். மதகு எதிர்முழக்கத்தை நானே திரும்பப் பெறுகிறேன்.

பெயர் வடிவத்திலிருந்து வர வேண்டும். அலைவடிவத்தைத் திரையில் விரித்துப் பாருங்கள். சாதாரண எதிர்முழக்கம் யானைத் துதிக்கை மாதிரி நுனிவரை மெலிந்துகொண்டே போகும். இது அடிமரம் போலப் பருத்தே வந்து, நுனி இல்லாமல் நின்றுவிடும்.

———

அம்மா, நுனி இல்லாமல் நிற்பதற்குத் தமிழில் சொல் இருக்கிறதே: மொட்டை. மதுரையில் மேல்நிலைகள் கட்டி முடிக்கப்படாமல் நெடுங்காலம் நின்ற வடக்குக் கோபுரத்தை ஊர் மக்கள் மொட்டைக் கோபுரம் என்றுதான் சொன்னார்கள். குருத்து போன பனை மொட்டைப் பனை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு மொட்டைக் கிணறு. இயல்பாக முடிய வேண்டிய இடத்தில் முடிவு இல்லாதது எல்லாம் மொட்டைதான். 'மொட்டை எதிர்முழக்கம்' என்று வைத்தால் கருவி எதுவானாலும் பொருந்தும்.

———

> மொட்டை எதிர்முழக்கம்

எனக்குச் சம்மதம். கலைச்சொல் கொஞ்சம் கம்பீரமாக இருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். மிக்ஸிங் மேசையில் உட்கார்ந்திருப்பவர் "ஸ்நேருக்கு மொட்டை போடு" என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே புரியும். வேலை நடக்கிற இடத்தில் அதுதான் முக்கியம்.

மதகையும் வீணாக்க வேண்டாம். நாய்ஸ் கேட் 'ஒலிமதகு' ஆகட்டும். அட்டாக், ஹோல்ட், ரிலீஸ் மூன்றும் திறப்பு நேரம், நிற்பு நேரம், அடைப்பு நேரம் என்று தாமாகவே வந்து உட்காருகின்றன. பட்டியலுக்கு இப்படி எழுதுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

மொட்டை எதிர்முழக்கம்: தேயாமல் ஏறத்தாழ ஒரே அளவில் நின்று, குறித்த நேரத்தில் சட்டென அறும் எதிர்முழக்கம். அமுக்கியும் (கம்ப்ரஸர்) ஒலிமதகும் சேர்த்தோ, டிஜிட்டல் நிரலாலோ பெறலாம். பெரும்பாலும் ஸ்நேர், டாம் டிரம்களுக்கு.

———

ஒரே ஒரு திருத்தம்: "குறித்த நேரத்தில்" என்பதற்குப் பின் "(பெரும்பாலும் அரை நொடிக்குள்)" என்று சேர்த்துவிடுங்கள். அதற்கு மேல் நீண்டால் அடுத்த அடி வந்து வெட்டை மூடிவிடும்.